ஸ்கேனா ட்ரேயா: இம்ப்ளான்ட் அளவு எடுக்குறதுல லேப் மேஜைல உக்காந்து நான் கத்துக்கிட்டது

ஒரு பக்கக் கடைசி ஸ்க்ரூவை மட்டும் டைட் பண்ணிட்டு டாக்டர் என்னைப் பக்கத்துல கூப்பிட்டு "மறுபக்கம் பாருங்க"ன்னாங்க. பார்த்தேன். கீழ்த்தாடை, அஞ்சு இம்ப்ளான்ட் (எலும்புல பதிக்கிற செயற்கைப் பல் வேர்), அது எல்லாத்தையும் சேர்த்து மேல உக்கார்ற முழு சிர்கோனியா பிரிட்ஜ் (பீங்கான் பல்வரிசை), நான் டிசைன் பண்ணினது, கலருக்கு மட்டும் தனியா நேரம் எடுத்து உக்காந்து பண்ணினது, அது அந்தப் பக்கம் அபட்மென்ட் (இம்ப்ளான்ட் மேல மாட்டுற இணைப்புத் துண்டு) மேல உக்காராம தூக்கிக்கிட்டு நிக்குது. கண்ணுக்கே தெரியிற இடைவெளி. பேஷன்ட் அந்த அம்மா வாயைத் திறந்தபடியே எங்க ரெண்டு பேர் முகத்தையும் மாத்தி மாத்திப் பாக்குறாங்க. அந்தப் பார்வை இன்னிக்கும் எனக்கு மறக்கல.

அந்தக் கேஸோட அளவு ஸ்கேன்ல வந்தது, அதாவது வாய்க்குள்ள கேமரா வச்சு எடுத்த ஃபைலா. ஃபைலைத் திறந்தப்போ எவ்ளோ அழகா இருந்துச்சுன்னா, ஈறோட சின்னச் சின்ன மடிப்பு கூட தெரிஞ்சுது, ஸ்கேன் பாடி (இம்ப்ளான்ட் எங்க இருக்குன்னு கேமராவுக்குக் காட்ட அது மேல மாட்டுற துண்டு) எல்லாம் மூக்கு முழியோட நின்னுச்சு, எங்கயும் ஓட்டை இல்ல. பிரின்ட் பண்ணின மாடல்ல பிரிட்ஜ் கச்சிதமா உக்காந்துச்சு. ஆனா வாய்ல உக்காரல. "மாடல்ல உக்காருதே, வாய்ல ஏன் உக்காரல"ன்னு நான் அன்னிக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேன், அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதுல எழுதுற பாதி விஷயத்தை நான் கத்துக்கிட்டேன்.

நான் டாக்டர் இல்ல, டென்டல் லேப் டெக்னீஷியன். ட்ரேல (வாய்ல வச்சு அச்சு எடுக்குற தட்டு) கல் (இறுகினதும் கெட்டியாகுற மாவு) ஊத்தி மாடல் எடுக்குறதுல ஆரம்பிச்சு இப்போ பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னாடி டிசைன் பண்றவன். ரெண்டு விதமான அளவும் என் கைக்குத்தான் வரும், அதனால ரெண்டுல எது எங்க சொதப்பும்னு டாக்டர் பாக்காத ஒரு பக்கத்துலருந்து எனக்குத் தெரியும். புதுசா இந்த வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க, ஸ்கேனர் வாங்கலாமான்னு யோசிக்கிற டாக்டருங்க, இம்ப்ளான்ட் போட்டுக்கப் போற பேஷன்ட் கூட படிக்கலாம்.

முதல்ல இம்ப்ளான்ட்டுக்கு மட்டும் ஏன் இவ்ளோ கறார்னு சொல்லிடுறேன். நம்ம சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு மெல்லிய நார் மாதிரி திசு இருக்கு, அதனால பல் அழுத்தத்துக்கு 25லருந்து 100 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் உள்ள இறங்கிக் கொடுக்கும். இம்ப்ளான்ட் எலும்போட நேரடியா ஒட்டிப் பிடிச்சிருக்கு, அது அசையிறது 3லருந்து 5 மைக்ரான் தான். அப்போ சாதாரணப் பல்லுல போடுற கிரவுன் கொஞ்சம் இழுத்தாலும் பல்லு நகர்ந்து இடம் கொடுத்துடும், இம்ப்ளான்ட் நகராது. நகராதுன்னா அந்த இழுவை எங்க போகும்? ஸ்க்ரூல போகும், மேல இருக்குற பீங்கான்ல போகும். ஆறு மாசம் கழிச்சு ஸ்க்ரூ லூஸ் ஆகுறது, ஸ்க்ரூ உடையிறது, ஓரம் சில்லு விடுறது, இதெல்லாம் வரும்போது எல்லாரும் மெட்டீரியலைத் திட்டுவாங்க, ஆனா பல தடவை காரணம் முதல் நாள் எடுத்த அளவுலயே இருக்கும்.

எவ்ளோ துல்லியம் வேணும்னு கேட்டா, இம்ப்ளான்ட் துறையோட தந்தைன்னு சொல்ற பிரனெமார்க் 1983ல 10 மைக்ரான்னு ஒரு எல்லை சொன்னார். அப்புறம் 1991ல யெம்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் 150 மைக்ரான் வரைக்கும் நீண்ட காலத்துக்குப் பெரிய தொந்தரவு இல்லாம ஏத்துக்கலாம்னு சொன்னார். ஒரு தலைமுடியோட தடிமன் 50லருந்து 100 மைக்ரான் இருக்கும்னு வச்சுக்கிட்டா இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு புரியும். 10 மைக்ரானை நடைமுறைல நம்ம யாரும் தொடுறதில்ல, அது வேற விஷயம். ஒரு இம்ப்ளான்ட்டுக்கு ஒரு கிரவுன்னா ரொம்பக் கவலைப்பட வேண்டாம், ஏன்னா அதை இழுத்துப் பிடிக்க பக்கத்துல இன்னொரு இம்ப்ளான்ட் இல்ல, பக்கத்துப் பல்லோட தொடுதலும் கடிப்பும் சரியா இருந்தா போதும். ரெண்டு, மூணு, அஞ்சுன்னு ஒண்ணாக் கட்டும்போது தான் ஆட்டமே வேற.

இப்போ ட்ரே விஷயம். பழைய முறைன்னா துல்லியம் கம்மின்னு ஒரு நினைப்பு இருக்கு, அது சரியில்ல, ஒழுங்கா எடுத்த ட்ரே இன்னிக்கும் ரொம்ப நல்ல அளவு தான், "ஒழுங்கா"ங்கிறதுல தான் எல்லாம் இருக்கு. வாய்ல இம்ப்ளான்ட் மேல ஒரு கோப்பிங்கை (அளவு எடுக்க மட்டும் மாட்டுற துண்டு) ஸ்க்ரூ பண்ணுவாங்க, ட்ரேல மெட்டீரியல் போட்டு அளவு எடுப்பாங்க, அது லேப்புக்கு வந்ததும் நாங்க கோப்பிங்ல அனலாக்கை (இம்ப்ளான்ட்டோட நகல்) மாட்டி கல் ஊத்துவோம். ஓபன் ட்ரேன்னா கோப்பிங் மெட்டீரியலோடயே வெளிய வந்துடும், க்ளோஸ்டு ட்ரேன்னா கோப்பிங் வாய்லயே நின்னுடும், அதைக் கழட்டி மறுபடி மெட்டீரியலுக்குள்ள செருகணும். செருகும்போது அது முழுசா உக்காந்துச்சா, கொஞ்சம் திரும்பிடுச்சான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. 2008ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வுல மூணு இம்ப்ளான்ட் வரைக்கும் ரெண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, நாலும் அதுக்கு மேலயும்னா ஓபன் ட்ரே தான் நல்லாருக்குன்னு சொல்லியிருந்தாங்க, என் மேஜைல நான் பாத்ததும் அதே தான்.

ஓபன் ட்ரேலயும் நான் ஒரு தப்பு பண்ணிருக்கேன். வேலை கத்துக்கிட்ட புதுசுல அனலாக்கை மாட்டும்போது ட்ரேயை ஒரு கைல பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரூவை மறு கைல திருகினேன். அனலாக்கைப் பிடிக்கல. திருகின வேகத்துல கோப்பிங் மெட்டீரியலுக்குள்ளயே ஒரு துளி திரும்பிடுச்சு, வெளிய பாத்தா எதுவும் தெரியல, கிரவுன் வாய்ல போனப்போ தான் ஒரு பக்கம் தொடுதல் இறுக்கமாவும் மறுபக்கம் ஓபனாவும் இருந்துச்சு. சீனியர் அண்ணன் என்னைத் திட்டல, அனலாக்கை ப்ளையர்ல பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரூவை மட்டும் மெதுவா திருகிக் காட்டினார், அதுக்கப்புறம் நான் வேற மாதிரி மாட்டினதே இல்ல. இப்போ என்கிட்ட கத்துக்குற பசங்களுக்கு முதல் வாரமே இதைத்தான் சொல்லிக் கொடுக்குறேன்.

டாக்டர் பக்கம் நடக்குற தப்புகள்ல எனக்கு அதிகம் வர்றது மூணு. ஒண்ணு, வளையிற பிளாஸ்டிக் ஸ்டாக் ட்ரே (ரெடிமேடா வர்றது). வாய்ல அழுத்தும்போது விரிஞ்சு, வெளிய வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும், அதோட மெட்டீரியலும் கோப்பிங்கும் நகரும், இம்ப்ளான்ட் நிறைய இருந்தா அந்த வாய்க்குன்னே செஞ்ச கஸ்டம் ட்ரே தான் சரி, அதுல அட்ஹெசிவ் (பசை) தடவி காய விடணும், தடவின உடனே மெட்டீரியல் போட்டா பிடிக்காது. ரெண்டு, லேடெக்ஸ் கையுறை போட்டுக்கிட்டு சிலிகான் புட்டியை (மாவு மாதிரி இருக்குற அளவு மெட்டீரியல்) பிசையிறது, லேடெக்ஸ்ல இருக்குற கந்தகம் அடிஷன் சிலிகானை செட் ஆக விடாது, மேல இறுகின மாதிரி இருந்து கோப்பிங் பக்கத்துல பிசுபிசுன்னு வந்து நிக்கும். மூணாவது தான் எனக்கு ரொம்ப வருத்தமானது, கோப்பிங் இம்ப்ளான்ட்டுக்குள்ள முழுசா உக்காந்துச்சான்னு எக்ஸ்ரே எடுக்காம அளவு எடுக்குறது. ஈறு நடுவுல மாட்டிக்கிட்டா, ஒரு சின்ன எலும்பு விளிம்பு இடிச்சா, கோப்பிங் தூக்கிக்கிட்டு தான் நிக்கும், அதுக்கப்புறம் உலகத்துலயே நல்ல மெட்டீரியல் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. ஒரு சின்ன எக்ஸ்ரே, அவ்ளோ தான்.

மெட்டீரியல்ல பாலிஈதர் நல்லா கெட்டியா நிக்கும், கோப்பிங்கை அசைய விடாது, அதனால பல இம்ப்ளான்ட் கேஸ்ல டாக்டருங்க அதை விரும்புவாங்க. ஆனா ஈரத்தை உறிஞ்சும், அதனால ஈரத் துணில சுத்தியோ தண்ணி இருக்குற பைலயோ போட்டு அனுப்பாதீங்க, காய வச்சு அனுப்புங்க. அதே கெட்டித்தன்மையால பல்லுங்க இருக்குற வாய்ல அண்டர்கட்டை (பல்லோட வளைவுக்குக் கீழ இருக்குற குழிவு) அடைக்காம எடுத்தா ட்ரேயை வெளிய எடுக்குறதே பெரிய பாடு, மாடல்லருந்து கழட்டும்போது கல்லுல பல்லும் ஒடியும். அடிஷன் சிலிகான் சுருங்குறது ரொம்பக் கம்மி, நாளைக்கு ஊத்தினாலும் பரவால்ல, ஆனா சில வகை ஹைட்ரஜன் வாயுவை விடும், உடனே கல் ஊத்தினா மாடல் மேல பொடிப் பொடியா குமிழி வரும், கம்பெனி சொல்ற நேரம் காத்திருந்து ஊத்தணும்.

கல்லும் சும்மா இல்ல. டைப் 4 ஸ்டோன் இறுகும்போது கிட்டத்தட்ட 0.1 சதவீதம் விரியும். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா தாடைல ஒரு கோடிலருந்து மறு கோடி 50 மில்லிமீட்டர்னு வச்சா அது 50 மைக்ரான். அதோட கோப்பிங்கும் இம்ப்ளான்ட்டும், அப்புறம் கோப்பிங்கும் அனலாக்கும் உக்கார்ற இடத்துல இருக்குற நுண்ணிய லூஸ், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சேரும். தண்ணியைக் கண்ணளவுல ஊத்திக் கலக்குற பழக்கம் இருந்தா இந்த எண்ணெல்லாம் இன்னும் மோசமாகும், தராசு வச்சு அளந்து வேக்கம் மிக்ஸர்ல கலக்குங்க, சோம்பேறித்தனம் வேண்டாம்.

பல இம்ப்ளான்ட்ல கோப்பிங்குகளை வாய்லயே ரெசின் (இறுகுற பிளாஸ்டிக்) வச்சு ஒண்ணோட ஒண்ணு கட்டுறதுக்கு ஸ்ப்ளின்ட்டிங்னு பேரு. ஃப்ளாஸ் நூலைச் சுத்தி பேட்டர்ன் ரெசின் போடுவாங்க. இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, ரெசின் செட் ஆகும்போது சுருங்கும், அந்தச் சுருக்கத்துல பெரும்பகுதி, கிட்டத்தட்ட 80 சதவீதம், முதல் 17 நிமிஷத்துலயே நடந்துடும்னு அளந்து பாத்திருக்காங்க. அதனால முழுசா ஒட்டிட்டு உடனே அளவு எடுத்தா கோப்பிங்கெல்லாம் உள்பக்கமா இழுபட்டு நிக்கும். காத்திருந்து, நடுவுல மெல்லிய டிஸ்க்ல அறுத்து, அந்தச் சின்ன இடைவெளியை மட்டும் கொஞ்சம் ரெசின்ல ஒட்டணும். இதை முந்தின நாளே மாடல்ல செஞ்சு அறுத்து வச்சுக் கொடுக்கச் சொல்லி லேப்ல கேட்டா நாங்க சந்தோஷமா செஞ்சு கொடுப்போம், டாக்டருக்கு சேர்ல நேரமும் மிச்சம். கீழ்த்தாடைன்னா இன்னொண்ணு, வாயை ரொம்பப் பெருசா திறந்தா தாடை எலும்பு ரெண்டு பக்கமும் கொஞ்சம் உள்பக்கமா வளையும், அந்த நிலைல கட்டினா அந்த வளைவோடயே அளவு வரும், முடிஞ்ச வரைக்கும் கம்மியா திறக்க வச்சு எடுக்கணும்.

இவ்ளோ பாடு பட்டவனுக்கு ஸ்கேனர் வந்தப்போ எப்படி இருந்திருக்கும்! வாய்க்குள்ள கேமரா வச்சு அளவு எடுக்குறது புதுசு இல்ல, 1985லயே சூரிக்ல மோர்மானும் பிராண்டெஸ்டினியும் செரெக் மெஷின்ல ஆரம்பிச்சாச்சு, ஆனா எங்களை மாதிரி லேப் வரைக்கும் தினசரி வேலையா வந்து சேர ரொம்ப காலம் ஆச்சு. முதல் கேஸ் ஒரு கீழ்க் கடவாய்ப் பல், ஒரே இம்ப்ளான்ட். பேஷன்ட்டுக்குக் குமட்டல் அதிகம், ட்ரே ரெண்டு தடவை வச்சு ரெண்டு தடவையும் முடியல, கடைசில வேற ஒரு டாக்டர்கிட்டருந்து ஸ்கேனரை வரவச்சு எடுத்தாங்க. மாடலே இல்லாம டிசைன் பண்ணி, டைட்டானியம் பேஸ்ல (இம்ப்ளான்ட்டோட சேர்ற உலோக அடித்துண்டு) ஒட்டின கிரவுனை அனுப்பினேன், "ஒரு தடவை கூட தேய்க்கல, நேரா உக்காந்துச்சு"ன்னு போன்ல சொன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, உண்மையா சொல்றேன், ஏன்னா அந்தப் பேஷன்ட் நாலு மாசமா அந்தப் பல் இல்லாத இடைவெளியோட சாப்பிட முடியாம இருந்தவர்.

ஒரு இம்ப்ளான்ட், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு, மூணு இம்ப்ளான்ட் வரைக்கும் என் அனுபவத்துல ஸ்கேன் ட்ரேக்குக் குறைஞ்சது இல்ல, பல நேரம் ட்ரேயை விட எனக்கு நிம்மதி. ஆராய்ச்சிகளும் இந்தச் சின்ன தூரத்துக்கு அப்படித்தான் சொல்லுது. இம்ப்ளான்ட் ஒண்ணு இந்தப் பக்கமும் ஒண்ணு அந்தப் பக்கமும் சாஞ்சிருந்தா ட்ரேயை உருவும்போது மெட்டீரியல் இழுபடும், ஸ்கேன்ல எதையும் உருவ வேண்டியதே இல்லைங்கிறதால அந்தத் தொல்லை கிடையாது. ஏதாவது ஒரு இடம் சரியா வரலைன்னா பேஷன்ட் சேர்ல இருக்கும்போதே தெரிஞ்சுக்கலாம். ட்ரேன்னா லேப்புக்கு வந்து நான் பாத்து போன் பண்றதுக்குள்ள பேஷன்ட் வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆனா ஸ்கேன்ல தப்பு ஒளிஞ்சுக்கும். இதுதான் நான் எல்லாருக்கும் சொல்ல நினைக்கிறது. ட்ரேல குமிழி இருந்தா, கிழிஞ்சிருந்தா, மெட்டீரியல் ட்ரேயை விட்டு விலகியிருந்தா, கைல எடுத்துப் பாத்தாலே தெரியும், அசிங்கமா இருக்கும், திருப்பி அனுப்பலாம். ஸ்கேன் எப்பவும் அழகா தான் இருக்கும், சாஃப்ட்வேர் சின்ன ஓட்டைகளை அதுவா மூடி, சொரசொரப்பை வழவழப்பாக்கி, கலர் எல்லாம் போட்டுக் கொடுக்கும். தாடை கோடில 200 மைக்ரான் தள்ளி நின்னாலும் படத்துல அது பளிச்சுன்னு தான் நிக்கும்.

ஏன் தள்ளிப் போகுதுன்னா, ஸ்கேனர் முழுத் தாடையையும் ஒரே தடவைல பாக்குறதில்ல. அது பாக்குறது ஒரு சின்ன ஜன்னல் அளவு தான், ஒவ்வொரு படத்தையும் முந்தின படத்தோட பொதுவான மேடு பள்ளத்தை வச்சு ஒட்டிக்கிட்டே போகும். பெரிய சுவரை ஒரு அடி ஸ்கேல் வச்சு அளந்தா ஒவ்வொரு தடவை பென்சில்ல குறி போடும்போதும் ஒரு மயிரிழை தப்பு வரும்ல, பத்து அடி போனதும் அது சேர்ந்து தெரியும்ல, அதே கதை. பல்லு நிறைய இருந்தா மேடு பள்ளம் இருக்கு, நல்லா ஒட்டும். பல்லே இல்லாத தாடைல வழவழன்னு ஈரமா அசையிற ஈறு, அங்கங்க ஒரே மாதிரி நிக்கிற ஸ்கேன் பாடி, நடுவுல பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல. என்னோட அஞ்சு இம்ப்ளான்ட் கேஸ்ல நடந்தது இதுதான். ஒரு தடவை ஒரு கல் மாடலையே மேஜைல வச்சு வாய்க்குள்ள வைக்கிற ஸ்கேனர்ல பல தடவை எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாத்தேன், பக்கத்துப் பக்கத்து அனலாக் எல்லா தடவையும் ஒரே இடத்துல விழுந்துச்சு, கடைசி அனலாக் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற இடம். எச்சில், நாக்கு, ரத்தம், அசைவு எதுவும் இல்லாத மாடல்லயே அப்படின்னா வாய்ல எப்படி இருக்கும்னு யோசிங்க.

இதுல ரெண்டு வார்த்தையைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும். உண்மையான அளவுக்கு எவ்ளோ பக்கத்துல இருக்குங்கிறது ட்ரூனெஸ், திரும்பத் திரும்ப எடுத்தா ஒரே மாதிரி வருதாங்கிறது பிரிசிஷன். விளம்பரத்துல ஒரு எண்ணை மட்டும் பெருசா போட்டிருந்தா அது எது, எவ்ளோ தூரத்துக்கு அளந்தது, ஒரு பல்லுக்கா முழுத் தாடைக்கான்னு கேளுங்க, அந்தக் கேள்விலயே பாதி விஷயம் வெளிய வந்துடும்.

சரி, மாடல்ல உக்காந்தது வாய்ல ஏன் உக்காரலங்கிற கேள்விக்கு வர்றேன். அந்த மாடல் அதே ஸ்கேன்லருந்து பிரின்ட் பண்ணினது. பிரிட்ஜும் அதே ஸ்கேன்லருந்து பண்ணினது. ரெண்டும் ஒரே தப்பை வச்சுக்கிட்டு ஒண்ணுக்கு ஒண்ணு சாட்சி சொல்லுது, கச்சிதமா தானே உக்காரும். எனக்கு அது புரிஞ்ச நிமிஷம் நாற்காலிலருந்து எழுந்து நின்னுட்டேன். கல் மாடலுக்கும் இதே நியாயம் தான், மாடல்ல ஃபிட் ஆகுதுன்னா நான் மாடலுக்கு ஒழுங்கா வேலை செஞ்சிருக்கேன்னு மட்டும் தான் அர்த்தம். பேஷன்ட்டுக்கு ஃபிட் ஆகுதான்னு தெரியணும்னா வாய்லருந்து தனியா இன்னொரு சாட்சி வேணும், அதுதான் வெரிஃபிகேஷன் ஜிக். மாடல்ல ரெசின்லயோ பிளாஸ்டர்லயோ எல்லா இம்ப்ளான்ட்டையும் இணைச்சு ஒரு கட்டு செஞ்சு, வாய்ல ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டு மறுகோடி உக்காருதான்னு பாக்கணும். பிளாஸ்டர்ல செஞ்சா இன்னும் கறார், அதுக்கு வளையத் தெரியாது, அளவு தப்புன்னா உடஞ்சிடும். ரெசின் ஜிக் உக்காரலைன்னா அறுத்து வாய்லயே மறுபடி ஒட்டி அனுப்பினா அந்த ஜிக்கை வச்சு நாங்க மாடலைத் திருத்திடுவோம்.

அந்த ஒரு ஸ்க்ரூ பரிசோதனையை எல்லாரும் பழகிக்கணும். எல்லா ஸ்க்ரூவையும் டைட் பண்ணிட்டு "இடைவெளி இல்லையே"ன்னு பாக்கக் கூடாது, ஸ்க்ரூ இழுத்துப் பிடிச்சு இடைவெளியை மறைச்சிடும், இழுவை மட்டும் உள்ள நிக்கும். ஒரு கோடில மட்டும் டைட் பண்ணி மறுகோடியை ப்ரோப் (கூர் முனைக் கருவி), எக்ஸ்ரே வச்சுப் பாக்கணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரூவா போடும்போது முதல் தடை கைல தெரிஞ்சதுலருந்து முழுசா இறுகுற வரைக்கும் அரைச் சுத்துக்கு மேல போகுதான்னு கவனிங்க, போனா அங்க இடைவெளி இருக்குன்னு அர்த்தம், இதுவும் யெம்ட் சொல்லிக் கொடுத்த முறை தான்.

ஸ்கேன்ல எனக்கு வர்ற மத்த தொல்லைகளையும் சொல்லிடுறேன். ஒரு கிரவுன் உயரமே ஒத்து வரல, ரீமேக் பண்ணியும் அதே தப்பு. தோண்டித் துருவிப் பாத்தா டாக்டர் இம்ப்ளான்ட் பேரை மட்டும் எழுதியிருந்தாங்க, வாய்ல மாட்டினது வேற கம்பெனி ஸ்கேன் பாடி, பாக்க ரெண்டும் ஒரே மாதிரி. நான் லைப்ரரில (சாஃப்ட்வேர்ல இருக்குற ஸ்கேன் பாடி பட்டியல்) வேற ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டேன். இப்பெல்லாம் ஸ்கேன் பாடியோட போட்டோவும் பேரும் இல்லாம நான் டிசைனைத் தொடுறதே இல்ல. அப்புறம் பீக் பிளாஸ்டிக்ல செஞ்ச ஸ்கேன் பாடியை ஆட்டோகிளேவ்ல போட்டுப் போட்டு பல தடவை பயன்படுத்துவாங்க, அது தேயும், அதிகமா டைட் பண்ணினா நசுங்கி கீழ இறங்கும், கம்பெனி சொல்ற டார்க் (முறுக்கு விசை) தான் போடணும், பெரும்பாலும் அது 5லருந்து 10 நியூட்டன் சென்டிமீட்டர், சிலது வெறும் கை டைட். இதுக்கும் எக்ஸ்ரே கட்டாயம், ஸ்கேன் பாடி உக்காரலைன்னா ஸ்கேனர் என்ன பண்ணும் பாவம்.

இம்ப்ளான்ட் ஆழமா இருந்தா ஸ்கேன் பாடில ஈறுக்கு மேல கொஞ்சூண்டு தான் தெரியும். நான் கம்ப்யூட்டர்ல அந்தக் கொஞ்சத்தை வச்சுத்தான் லைப்ரரி மாடலைப் பொருத்தணும், அது ஊகம் மாதிரி ஆகிடும். நீளமான ஸ்கேன் பாடி கேட்டு வாங்குங்க. அதோட வெட்டின தட்டைப் பக்கம் பக்கத்துப் பல்லைப் பாத்து ஒளிஞ்சிருந்தா கேமரா பாக்க முடியாது, கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ திருப்பி வச்சா நல்லது, ஆனா கம்பெனி வேற சொல்லியிருந்தா அதைக் கேளுங்க. பக்கத்துப் பல்லோட தொடுற பக்கத்தை ஸ்கேன் பாடி மறைக்கும், அதனால ஸ்கேன் பாடி போடுறதுக்கு முன்னாடியே ஈறையும் பக்கத்துப் பல்லையும் எடுத்துடுங்க, தொடுதல் சரியா வராத பாதி கேஸ் இதனால தான். தற்காலிகக் கிரவுனைக் கழட்டினதும் ஈறு ரொம்ப வேகமா சுருங்கி உள்ள விழும், போன் பேசிட்டு வந்து ஸ்கேன் பண்ணலாம்னு விடாதீங்க, கழட்டின கையோட எடுங்க, முன்பல்லுன்னா இது இன்னும் முக்கியம்.

எடுக்குற வழியும் கம்பெனி சொன்ன வரிசைல போகணும். நடுவுல நிறுத்தி, திரும்பி வந்து, ஒரே இடத்தை மேல மேல எடுத்தா நல்லா வரும்னு நினைப்பாங்க, அது ஒட்டுற இடத்துல குழப்பத்தைத் தான் சேர்க்கும். சேர் லைட் நேரா வாய்ல அடிக்காம திருப்பி விடுங்க, காலிப்ரேஷனைத் தள்ளிப் போடாதீங்க, எச்சிலைத் துடைச்சுக்கிட்டே இருங்க.

முழுத் தாடைக்கு இப்போ போட்டோகிராமெட்ரின்னு ஒரு வழி வந்திருக்கு. ஒவ்வொரு இம்ப்ளான்ட்லயும் புள்ளிகள் பொறிச்ச மார்க்கர் மாட்டி, வாய்க்கு வெளியிலருந்து கேமரா எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கும், சின்ன ஜன்னலை ஒட்டிக்கிட்டே போற வேலை இல்லாததால கோடி தூரத்துலயும் நல்லா நிக்குது. ஈறு மட்டும் அதுல வராது, அதுக்குத் தனியா ஸ்கேன் எடுத்து ரெண்டையும் சேர்க்கணும். எனக்கு வந்த அந்த மாதிரி கேஸ் எல்லாம் நல்லா போச்சு, ஆனாலும் நான் ஜிக் கேக்குறதை விடல, சில டாக்டருங்க "இதுக்கும் ஜிக்கா"ன்னு சலிச்சுக்குவாங்க, நான் பொறுமையா அந்தத் தூக்கிக்கிட்டு நின்ன பிரிட்ஜோட போட்டோவை அனுப்புவேன்.

அந்த அம்மாவோட கேஸ் என்னாச்சுன்னா, டாக்டர் அன்னிக்கே எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லி மன்னிப்புக் கேட்டாங்க, அவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க. அடுத்த வாரம் மல்டி யூனிட் அபட்மென்ட் மேல கோப்பிங் மாட்டி, நான் முன்னாடியே செஞ்சு அறுத்து வச்ச ரெசின் துண்டுகளை வாய்ல ஒட்டி, கஸ்டம் ட்ரேல பாலிஈதர்ல ஓபன் ட்ரே அளவு எடுத்தோம். புது மாடல், பிளாஸ்டர் ஜிக், உடையாம உக்காந்துச்சு. அந்த மாடலை லேப் ஸ்கேனர்ல ஏத்தி, பழைய டிசைனையே புது இடங்களுக்கு மாத்தி, டைட்டானியம் பேஸை அந்த மாடல் மேலயே ஒட்டினேன். டெலிவரி அன்னிக்கும் நான் போனேன். டாக்டர் அதே கோடி ஸ்க்ரூவை மட்டும் டைட் பண்ணினாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க, மறுகோடில கருப்புக் கோடு எதுவும் இல்ல. அந்த அம்மா கண்ணாடி கேட்டு வாங்கி நாக்கால தடவித் தடவிப் பாத்துட்டு "இது இழுக்கலையே"ன்னாங்க. போன தடவை எல்லா ஸ்க்ரூவையும் போட்டுப் பாத்தப்போ அவங்களுக்குத் தாடை இழுத்த மாதிரி இருந்துச்சாம், யார்கிட்டயும் சொல்லல, அப்படித்தான் இருக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டாங்களாம். அப்போலருந்து நான் டாக்டர்களுக்கு அனுப்புற சீட்டுல கடைசி வரியா எழுதுறது, ஸ்க்ரூ டைட் பண்ணும்போது பேஷன்ட்டுக்கு இழுக்குற மாதிரி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.